எல்லாருக்கும் விருப்பப் பாடம், எனக்கு மட்டும் கட்டாயம்

கல்லூரியில் விசாரணை மேசையில் உட்காருவது என்பது, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வழி சொல்லி அனுப்பிவிட்டு நாம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிற வேலை. பேங்கிலோ, தாலுகா ஆபீசிலோ, பஸ் ஸ்டாண்டிலோ கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தொண்டை வற்றுகிற அன்பர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

செஞ்சியில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் எனக்கு வேலை. பி.காம். சேர வருகிறவர்களிடம் எந்தப் பாடம் கட்டாயம், எது விருப்பம், எதில் தேறினால் பட்டம் கிடைக்கும் என்று விளக்க வேண்டும். வேலைக்கு நடுவே நானும் அஞ்சல் வழியில் அதே பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். வணிகப் புள்ளியியல் தவிர மற்ற எல்லாத் தாளும் தேறியாகிவிட்டது. அந்தத் தாளைப் புதிய பாடத்திட்டத்தில் விருப்பப் பாடமாக்கிவிட்டார்கள். பழைய திட்டத்தில் சேர்ந்த என்னை மட்டும் அது விடவில்லை.

இந்த நேரத்தில்தான் கணக்குப் பிரிவு சபாபதி சார் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தது. பி.காம். முழுசாக முடித்தவரை ஆபீசிலிருந்தே எடுப்போம், சீனியருக்கு முதலிடம் என்றார் மேனேஜர். சம்பளம் கூடும். அதைவிட முக்கியம், அந்த அறைக்குக் கதவு உண்டு. சாத்திக்கொண்டால் யாரும் வந்து "மேடம், ஒரு டவுட்டு" என்று நிற்க முடியாது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். என் பக்கத்து மேசை கல்பனாவுக்கும் அது வேண்டும். எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவள், எனக்குப் பிறகு அஞ்சல் வழியில் சேர்ந்தவள், அதனாலேயே புதிய பாடத்திட்டத்தில் படிப்பவள்.

அவலூர்பேட்டைக்காரரின் சந்தேகம்

அவலூர்பேட்டையிலிருந்து ஒருவர் மகளைச் சேர்க்க வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரமாம். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், வருமான வரி, தணிக்கை, நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி. காகிதத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். அது ஒன்றுதான் எனக்கு இருக்கும் பெருமை.

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்குதா மேடம்? எனக்குக் கணக்குன்னாலே டென்ஷன்" என்றாள் பெண்.

"அது விருப்பப் பாடம்தாம்மா. வேணாம்னா அதுக்குப் பதிலா விளம்பரவியல் எடுத்துக்கலாம்" என்றேன். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நாக்கு கசக்கும். அந்தப் பெண் கொஞ்சம்கூட யோசிக்காமல் விளம்பரவியலை எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது போலச் சாய்ந்து உட்கார்ந்தாள். வருஷக் கணக்கில் என் தூக்கத்தைக் கெடுத்த பாடம் அவளுக்கு ஒரு தலையாட்டலில் முடிந்துபோனது. பொறாமையில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவள் அப்பா கிளம்பும்போது திருப்தியாகக் கேட்டார்: "எல்லாத்தையும் புட்டு புட்டு வெச்சிட்டம்மா. நீ இந்தப் படிப்ப எப்போ முடிச்ச?"

பாலம் போட்டுக் கொடுத்தும்

பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு பி.காமுக்கு வருகிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும், நானும் அப்படி வந்தவள்தான். பற்று எது, வரவு எது என்று பிடிபடாமல் முதல் வருஷம் முழுவதும் முழி பிதுங்கினேன். இப்போது அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகக் கல்லூரி திறந்ததும், மற்ற வகுப்புகளுக்கு முன்னால் காலையிலேயே தனி வகுப்பு நடத்துகிறார்கள். பிரிட்ஜ் கோர்ஸ் என்று பெயர். அடிப்படையிலிருந்து சொல்லித் தருகிறார்கள். சந்தேகம் கேட்டால் திட்டுவதுகூட இல்லையாம்.

தொண்டூரிலிருந்து உயிரியல் பிரிவுப் பையன் ஒருவன் சேர்ந்தான். அவனுக்கு இந்த வகுப்பைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே ஆசை வந்தது. கடைசி பெஞ்சில் நானும் போய் உட்காரலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எனக்கு யாரும் போடாத பாலம் அவனுக்கு ரெடியாக இருக்கிறது, நடந்து வந்தால் போதும். அவன் என்னமோ நான் தண்டனை விதித்தது போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: "அந்த நேரத்துக்கு எங்க ஊர்ல பஸ்ஸே இல்ல மேடம். வராதவங்களுக்கு இன்னா பண்ணுவாங்க?"

மலை ஏறினால் மதிப்பெண்

பாடத்திட்டத்தில் ஐந்தாம் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பரீட்சை கிடையாது. சமூகப் பணி செய்தால் போதும். எங்கள் மாணவர்கள் வருஷத்தில் ஒரு முறை கோட்டைக்குப் போய்ச் சுற்றுலாக்காரர்கள் போட்ட பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்குவார்கள். ராஜகிரி மலை அடிவாரத்தில் பொறுக்க ஆரம்பித்து, பாதி வழியில் செல்ஃபி எடுத்து, உச்சியில் புளிசாதம் சாப்பிட்டு இறங்கினால் மதிப்பெண் வந்துவிடும்.

இந்த முறை அவர்களுக்குத் துணையாக என்னையும் அனுப்பினார்கள். நானும் பொறுக்கினேன். சொல்லப்போனால் நான்தான் அதிகம் பொறுக்கினேன், ஏனென்றால் என்னிடம் செல்ஃபி எடுக்கிற மாதிரி முகம் இல்லை. காற்று வாங்கியதற்கெல்லாம் மதிப்பெண் வாங்கும் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க மூச்சு வாங்கியது. அது மலையால் மட்டும் வந்ததல்ல. என் மூட்டையை வாங்கிக்கொண்ட மாணவி ஒருத்தி பரிதாபப்பட்டுச் சொன்னாள்: "பாவம் மேடம் நீங்க. இவ்ளோ அள்ளியும் உங்களுக்குக் கணக்குல வராதுல்ல?"

கல்பனா படிக்காத பாடம்

கல்பனாவைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. ஸ்கூட்டியில் வருவாள், எனக்கு வழியில் கொய்யாப்பழம் வாங்கி வருவாள், பரீட்சை நாளில் அவள் புருஷன் லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். என் வீட்டுக்காரரோ நான் புத்தகத்தைத் திறந்தால் உடனே டீ கேட்பார்.

அந்த வருஷம் கல்பனா எல்லாத் தாளும் ஒரே மூச்சில் தேறிவிட்டாள். அவளும் புள்ளியியலுக்குப் பதிலாக விளம்பரவியல்தான் எடுத்திருந்தாள். ஆபீசில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள். எனக்கு மட்டும் இரண்டு கொடுத்தாள். இரண்டையும் டிராயரில் போட்டு மூடினேன். "எப்படிப் படிச்ச கல்பனா?" என்று சிரித்த முகமாகக் கேட்டேன். நீங்களும் இந்தப் பதிலைக் கேட்டு வெந்திருப்பீர்கள்: "நான் எங்க படிச்சேன் அக்கா, சும்மா போய் எழுதினேன்."

எனக்கென்று தனி வினாத்தாள்

கல்பனா முடித்துவிட்டாலும் நான்தான் சீனியர். சபாபதி சார் போவதற்குள் அந்த ஒரு தாளைத் தாண்டிவிட்டால் நாற்காலி எனக்கு. வெறி பிடித்தது போலப் படித்தேன். கையில் இருந்தது, எங்கள் மாணவர்களுக்கு நான் தினமும் விளக்கும் புதிய பாடத்திட்டத்தின் புள்ளியியல் புத்தகம். விருப்பப் பாடமாக்கியபோது அதை இளைக்க வைத்துவிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுவிடும், நாம் விளக்கம் எழுதினால் போதும். அதை மனப்பாடமாக ஒப்பிக்கும் அளவுக்குத் தேறினேன். பழைய திட்டத்தில் இருப்பவள் பழைய பாடத்தைத்தான் எழுத வேண்டும் என்பதை எத்தனையோ பேருக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லத்தான் மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

விழுப்புரத்தில் தேர்வு மையம். வினாத்தாளைப் பிரித்தால் ஒட்டுறவுக் கெழு, குறியீட்டெண், காலத்தொடர் வரிசை என்று எல்லாம் கையால் போட வேண்டிய கணக்கு. நான் படித்த ஒரு வரிகூட இல்லை. அடுத்த அறையில் புதிய திட்டத்துப் பிள்ளைகள் நான் மனப்பாடம் செய்ததையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்கள். என் அறையில் நான் ஒருத்திதான். காவலுக்கு இருந்த அம்மா என் வெற்றுத்தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒனக்காகத்தாம்மா இந்த ரூம தொறந்து பெருக்கி வெச்சாங்க. எதுனா எழுதக் கூடாதா?"

கதவு உள்ள அறை

அடுத்த தடவை பழைய புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். எங்கள் கல்லூரி நூலகத்திலேயே, கழித்துக்கட்டும் குவியலில் கிடந்தது. வீட்டுக்காரருக்கு டீ போடக் கற்றுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அழுதுகொண்டே கணக்குப் போட்டேன், எழுதினேன், தேறிவிட்டேன். சபாபதி சார் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு முடிவு வந்தது. அட்மிஷன் நடந்துகொண்டிருந்த சமயம். வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு மதிப்பெண் பட்டியலோடு மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

மேனேஜர் சந்தோஷமாகக் கை கொடுத்தார். "சீனியர்னு பாத்தா நீங்கதான். ஆனா நேத்துதான் முடிவு பண்ணிட்டோம், கல்பனா அக்கவுண்ட்ஸுக்குப் போறாங்க. உங்கள அந்த எடத்துலருந்து எடுக்க முடியாதுன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க" என்றார். வெளியே வந்தால் கல்பனா தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று உற்று உற்றுப் பார்த்தேன். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே பாசத்தோடு சொன்னாள்: "அக்கா, உங்க ரிசல்ட் வந்ததும் உங்களத்தான் போடறதா இருந்தாரு. நான்தான் சொன்னேன், மலர் அக்கா மாதிரி பி.காம். பத்தி எடுத்துச் சொல்ல இந்தச் செஞ்சியிலயே ஆள் இல்ல, அவங்கள மட்டும் அங்கிருந்து எடுத்துடாதீங்க சார்னு."

ஒரு வேலையை நன்றாகச் செய்தால் அதிலேயே ஆணி அடித்து உட்கார வைத்துவிடுவார்கள் என்பதை எந்தப் பாடத்திட்டத்திலும் வைக்கவில்லை, வைத்திருந்தால் அந்த ஒரு தாளிலாவது கல்பனாவைவிட நான் அதிக மதிப்பெண் வாங்கியிருப்பேன்.