தழை வைத்த மூட்டை

காலை ஏழு மணிக்குப் போளூரை விட்டுப் பேருந்து புறப்பட்டது. 1983ஆம் ஆண்டு, ஆனி மாதம். மேலே ஜமுனாமரத்தூர்வரை நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகும். எனக்கும் என் கணவருக்குமாகச் சீட்டுக்கு ஒன்பது ரூபாய் கொடுத்தேன்.

"எறங்கி எங்கம்மா போவணும்?" என்றார் நடத்துநர்.

"சரோஜா அக்காள் கடைக்கு."

"அத்த மொதல்லியே சொல்லியிருந்தா ஊர் பேரே கேட்டிருக்க மாட்டனே!"

சென்னையில் பிறந்து வளர்ந்த என் கணவரைப் பெருமிதத்தோடு திரும்பிப் பார்த்தேன். அவர் வளைவுகளை எண்ணாமலிருக்கக் கண்களை இறுக மூடியிருந்தார்.

என் தந்தையார் அம்மலையில் மருந்து கலப்பவராகப் பணியாற்றியதால், எழுபதுகளின் பெரும்பகுதி எனக்கு அக்கடைத் தெருவிலேயே கழிந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே சரோஜா அக்காள் கடை. உப்பு, மண்ணெண்ணெய், ஊசி, வளையல், கருவாடு ஆகிய அனைத்தும் ஒரே கூரையின்கீழ் ஒன்றன் மணத்தை மற்றொன்று வாங்கிக்கொண்டு இருக்கும். இடப்புறம் தையற்காரர், வலப்புறம் தேநீர்க் கடை, அதையொட்டிச் சந்தைக்கு இறங்கும் செம்மண் சரிவு. மழை நாளில் அச்சரிவில் பாக்குமட்டை மீதமர்ந்து சறுக்கி, நேரே தையற்காரர் வாசலில் போய் விழுவோம். அவர் திட்டிக்கொண்டே கிழிந்த பாவாடையைத் தைத்துக் கொடுப்பார்.

தொலைவிலிருந்து நடந்து வருவோர் தம் சுமைகளை அக்கடை வாசற்கல்லில் இறக்கி, மேலே பச்சைத் தழையொன்றை வைத்துவிட்டுப் போவார்கள். தழை இருந்தால் உரியவர் திரும்பி வருவார் என்பது பொருள். அவரே எடுக்கும்வரை வேறெவரும் அதைத் தொடார். தழையற்ற மூட்டை கடை விலைக்கு வாங்கியது. காவலுக்கு ஆளில்லை. நான் அங்கிருந்த நாளில் எதுவும் காணாமற்போனதில்லை.

பத்து மணிக்குக் கடையை அடைந்தோம். "ஏண்டி, இவ்ளோ நாளு கழிச்சா வூட்டுக்கு வழி தெரிஞ்சுது?" என்று அக்காள் என் காதைத் திருகி உள்ளே இழுத்துச் சென்றாள். வாசலில் அமர இடம் தேடிய என் கணவர், குப்பையைக் காணப் பொறாதவர், ஒரு மூட்டையின் மேல் கிடந்த தழையை எடுத்து அருகில் நின்ற ஆட்டுக்குக் கொடுத்துவிட்டார். சற்று நேரத்தில் சரக்குந்து வந்தது. சுமை தூக்குவோர் வழக்கப்படி தழையற்ற மூட்டைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் போயினர்.

பதினொன்றரை மணியளவில் சின்னப்பொண்ணு என்ற பெண் வந்து வெற்றுக் கல்லைப் பார்த்து நின்றாள். "அக்கா, என் வெதச் சாமை இன்னாச்சுக்கா? தழ வச்சிட்டுத்தான போனேன்! அண்ணன் வூட்லேர்ந்து வாங்கியாந்தேன். நாளைக்கு வெதைக்கணும்."

ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் அவளுக்கு அவ்வாண்டுச் சோறில்லை. தழையை ஆட்டுக்குக் கொடுத்ததை என் கணவரே சொன்னார். சொல்லிவிட்டுப் பணப்பையை எடுத்தார்.

"உள்ள வைங்க மாப்ள," என்றாள் சரோஜா அக்காள். "காசை வெதச்சா மொளைக்குமா?"

"சரக்குந்தைத் துரத்திப் பிடிக்கலாமே?" என்றார் அவர்.

"புடிச்சு? வேலூர் போற மூட்டைங்க. அத்தனையும் சாமைதான். எது வெதை, எது சோறுன்னு அதுங்களையே கேப்பீங்களா?"

அக்காள் வீட்டுக்குள் போய்த் தன் விதைப்பானையை இறக்கி இரண்டு படி அளந்தாள். அத்தெருவில் அனைவருக்கும் சிறிது கொல்லை உண்டு. அவள் எவரையும் அழைக்கவில்லை. தையற்காரர் தம் பானையோடு வந்தார். தேநீர்க் கடைக்காரர் மனைவி முறம் நிறையக் கொணர்ந்தாள். தத்தம் விதைப்பில் குறையும் என்றறிந்தே தந்தார்கள். வெறுஞ்சாக்கு ஒன்று நிரம்பி மூட்டையானது.

"ஆட்டுக்குத் தழ போட்ட புண்ணியவான் தூக்கினு வரட்டும்," என்றார் தையற்காரர். தெரு சிரித்தது. என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றினார். சின்னப்பொண்ணின் கொல்லைக்கு மூன்று கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை.

"பாத்து வாங்கண்ணா," என்று பின்னால் வந்த சின்னப்பொண்ணு அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தாள். "சிந்துனீங்கன்னா அறுப்புக்கு வழியெல்லாம் குனியணும்."

திரும்பி வருகையில், பிற்பகல் மூன்று மணிக்கே புறப்படும் கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. மறுநாட் காலை ஆறரை மணிக்கு மலையிறங்கினோம். சென்னையில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்கு விளக்குகளும் சாக்கடையும் உள்ளன; ஆறாண்டுகளாக எதிர்வீட்டாரின் பெயரை நான் அறியேன். இரண்டாம் வளைவில் சின்னப்பொண்ணின் கொல்லை தெரிந்தது. முந்தானையில் விதையை ஏந்தி அவள் வீசிக்கொண்டிருந்தாள். அக்காளின் சாமை, தையற்காரர் சாமை, தேநீர்க் கடைச் சாமை என்று பிரித்தறிய இயலாதபடி, நான் வளர்ந்த தெரு முழுவதும் அந்த ஈர மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.