எத்தனை ஓம்?

மூனிச் நகரத்துக்கு வெளியே, பல்கலைக்கழகத்தின் கார்ஹிங் வளாகத்தில் எங்கள் ஆய்வுக்கூடம் நிலக்கீழ்த் தளத்தில் இருக்கிறது. காலையில் அங்கே இறங்கினால் முதலில் கேட்பது பம்பின் இரைச்சல். அடுத்தது குணேஸ்வரி அக்காவின் குரல். குளிர்விக்கும் கருவியோடு கதைத்துக்கொண்டிருப்பார். "இன்னும் கொஞ்சம் இறங்கு மோனை, அவசரமில்லை" என்பார். இறங்கச் சொல்வது வெப்பநிலையை. பொருள்களை மிகக் கடுமையாகக் குளிர்வித்து, அப்போது அவற்றுக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அளப்பது அவருடைய வேலை. தலைமயிரிலும் மெல்லிய தங்கக் கம்பிகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து வெள்ளிப் பசையால் ஒட்டும்போது மட்டும் பேசமாட்டார். மூச்சும் விடமாட்டார் என்று நினைக்கிறேன்.

பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர். மொழி தெரியாத பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் கீழ்ப் பிரிவில் விட்டார்கள். பிறகு ஆய்வுக்கூட உதவியாளருக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தார். வேலைக்குப் போய்க்கொண்டே மாலைப் பள்ளியில் படித்துப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார். கலாநிதிப் பட்டம் வாங்கும்போது நாற்பதைத் தொட்டிருந்தார். இவ்வளவையும் செய்தவருக்கு, முன்வரிசையிலிருந்து ஒருவர் கை தூக்கிக் கேள்வி கேட்டால் நா எழாது. உரையை எழுதிப் பாடமாக்கலாம், கேள்வியைப் பாடமாக்க முடியாதே. அதனால் அக்கா அளந்த முடிவுகளை மாநாடுகளில் எங்கள் குழுத் தலைவரே பேசிவந்தார். கடைசிப் படத்தில் 'நன்றி' என்ற சொல்லுக்குக் கீழே அக்காவின் பெயர் சிறிதாக இருக்கும்.

இந்த வருடம் தென் பகுதிப் பல்கலைக்கழகங்களின் இயற்பியல் மாநாடு எங்கள் வளாகத்தில் நடந்தது. சிறப்புரையாளர் மூவரில் ஒருவராக அக்காவையே அழைத்திருந்தார்கள். குழுத் தலைவர் மனதாரச் சந்தோஷப்பட்டார். "கேள்வி நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். முன்வரிசையில்தான் இருப்பேன்" என்றார். அக்கா தலையாட்டினார். அவர் போன பிறகு கருவியைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "இந்தமுறையும் அவர் எழும்பினா, பிறகு நான் ஒருநாளும் எழும்ப மாட்டன் பிள்ளை."

மாநாட்டுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் ஒத்திகை. கேட்பதற்கு நானும் அவருடைய கணவர் சோதிலிங்கம் அண்ணையும். அண்ணை மூனிச்சில் பஸ் ஓட்டுகிறார். உரை முழுவதையும் அசையாமல் கேட்டார்.

"சரி, இப்ப கேள்வி கேளுங்கோப்பா" என்றார் அக்கா.

"இதால எங்கட கரண்ட் பில் குறையுமோ?"

"அப்பிடி ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"அப்ப என்ன கேப்பினம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்களைக் கேக்கச் சொல்லுறன்?"

அண்ணை கதிரையை விட்டு எழுந்தார். "தேத்தண்ணி வைக்கட்டோ?"

"வையுங்கோ."

"பாத்தீரே, உடன பதில் சொல்லுறீர்."

மாநாட்டு நாளில் உரை தடங்கலில்லாமல் போனது. முடிந்ததும் எல்லோரும் மேசையில் விரல்மூட்டுகளால் தட்டினார்கள். இங்கே கைதட்டல் அதுதான். அமர்வை நடத்திய வெரோனிக்கா கேள்விகளை அழைத்தார். வெள்ளைத் தாடி வைத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார்.

"அவ்வளவு குளிரிலும் கொஞ்சம் தடை மிஞ்சுகிறது என்கிறீர்கள். அது கம்பிகளை ஒட்டிய இடங்களிலிருந்து வருவதல்ல என்று சரிபார்த்தீர்களா?"

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஓம்" என்றார்.

பேராசிரியர் பேனாவோடு காத்திருந்தார். பிறகு, "எத்தனை?" என்று கேட்டார்.

மின்தடையை அளக்கும் அலகுக்கு ஓம் என்று பெயர். ஒரு ஜெர்மன்காரரின் பெயரிலிருந்து வந்தது. ஆம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ஓமுக்கும் அந்த ஓமுக்கும் காதில் வித்தியாசமே தெரியாது. தான் தமிழில் பதில் சொன்னது அக்காவுக்குப் பிடிபடவில்லை. "ஓம்" என்று இன்னொருமுறை, சற்று உரக்கச் சொன்னார்.

"அது சரி, ஓம்தான். மில்லி ஓமா, மைக்ரோ ஓமா?"

குழுத் தலைவர் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

அப்போது கடைசி வரிசையில், வேலைச் சீருடையோடு வந்து உட்கார்ந்திருந்த அண்ணை சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் வெளியே வந்த சிரிப்பு. எல்லோரும் திரும்பினார்கள். அக்காவும் அவரைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"மன்னியுங்கள்" என்றார் ஜெர்மனில். "என் தாய்மொழியில் ஓம் என்றால் ஆம். நான் சொன்ன ஓமுக்கு எண்ணிக்கை கிடையாது."

அரங்கம் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். "அப்படியானால் இத்தனை வருடமாக நான் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லியிருக்கிறேன்" என்றார்.

குழுத் தலைவர் இன்னும் பாதி எழுந்த நிலையிலேயே நின்றார். அக்கா அவரிடம், "நீங்கள் இருங்கள், நான் சொல்கிறேன்" என்றார். அவர் உட்கார்ந்தார்.

அக்கா சொன்னார். இரண்டு கம்பிகளால் மின்சாரத்தை அனுப்பி, வேறு இரண்டு கம்பிகளால் அளந்தது. அப்படி அளந்தால் ஒட்டிய இடத்தின் தடை கணக்கில் வராது என்பது. ஆனாலும் மனம் ஆறாமல் எல்லாவற்றையும் பிடுங்கி வேறு இடங்களில் ஒட்டி மறுபடி அளந்தது. எழுதி வைத்திராத வசனங்கள். இடையிடையே திக்கினார், திரும்பத் தொடங்கினார். அளந்த பொருள் முழுவதும் ஒரே அளவாகக் குளிர்ந்ததா என்று பேராசிரியர் அடுத்ததாகக் கேட்டபோது, "அது எனக்குத் தெரியாது. இன்னும் அளக்கவில்லை" என்றார். பேராசிரியர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பிறகு மூவரும் சுரங்க ரயிலுக்கு நடந்தோம். அண்ணைக்கு மாலை வேலை இருந்தது.

"கலியாணம் கட்டின நாளில இருந்து, உம்மட வாயில ஓம் எண்டு வந்து இண்டைக்குத்தான் கேட்டனான்" என்றார் அண்ணை. "அதுவும் ரெண்டு தரம். அதுவும் வேற ஆம்பிளைக்கு."

"சபையில இருந்து சிரிக்கிறதே? வெக்கமில்லையோ உங்களுக்கு?"

"அந்தாள் பேனையோட நிக்கிறார், நான் என்ன செய்ய?"

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு வேறு ஒன்றில் கோபம். "இன்னும் ரெண்டு பேர் கை தூக்கினவை, கண்டனீங்களே? நேரம் முடிஞ்சுது எண்டு வெரோனிக்கா நிப்பாட்டிப்போட்டா. ஆர் அவவை நிப்பாட்டச் சொன்னது?"

"நாளைக்குக் கேப்பினம், விடும்."

"நாளைக்குப் போயிடுவினம்." நிலையப் படிக்கட்டுக்கு முன்னால் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். "கை தூக்கின அந்த நெட்டைப் பெடியன் இப்பவும் கோப்பி குடிக்கிற இடத்திலதான் நிப்பான். நீங்கள் போங்கோ, உங்களுக்கு பஸ் எடுக்கிற நேரம்."

நாங்கள் பதில் சொல்வதற்குள் அவர் அரங்கத்தை நோக்கிப் பாதித் தூரம் போய்விட்டார்.