திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வரும் புத்தகங்கள்

பெரம்பலூர் பாலக்கரையில் வேன் வைத்துத் தொழில் செய்கிறவன் நான். பெயர் சரத்குமார். வெளிநாடு போகிறவர்களைத் திருச்சி ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு, அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவதுதான் என் பாதிப் பிழைப்பு. போகும்போது வேனில் காது கிழியும். வரும்போது ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். யாராவது டீ குடிக்கலாமா என்று கேட்கும்வரை நானும் பாட்டுப் போடுவதில்லை.

இந்தத் தொழிலில்தான் எனக்கு வளர்மதி டீச்சர் பழக்கமானார். ஊரில் அவரைக் கனடா டீச்சர் என்பார்கள். கனடா போய் வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். தா.பழூரில் பிறந்து, திருச்சியில் படித்து, பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டவர். அதிகபட்சம் போனது சென்னை, அதுவும் பரீட்சைப் பேப்பர் திருத்த. ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தார். அதில் கனடா நாட்டு இலக்கியம் என்று ஒரு பாடம் உண்டு. வேறு யாரும் எடுக்க மாட்டேன் என்றதால் அது இவர் தலையில் விழுந்தது. விழுந்தது பிடித்தும் போய்விட்டது. சித்திரை வெயிலில், ஓடாத ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டு, பனி கொட்டுவதைப் பற்றி வருஷா வருஷம் நடத்தினார். பிள்ளைகள் கைடு வாங்கிப் படித்துப் பாஸ் பண்ணினார்கள். மூலப் புத்தகத்தைத் தொட்டவர்கள் யாரும் இல்லை.

ஊருக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு? கனடாவைப் பற்றிப் பாடம் எடுக்கிறவருக்குக் கனடாவைப் பற்றி எல்லாம் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டது. பிள்ளைக்கு விசா வந்த வீட்டார் தட்டில் பழம் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொண்டு போக அவர் வீட்டுக்கு வருவார்கள். அங்கே வாடகை எவ்வளவு, புழுங்கலரிசி கிடைக்குமா, எந்த ஸ்வெட்டர் குளிர் தாங்கும் என்று கேட்பார்கள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஆனா போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுப் பாருங்க" என்று டீச்சர் ஒரு புத்தகத்தை நீட்டுவார்.

ஆளைப் பார்த்துத்தான் புத்தகம். நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்ணுக்குச் சின்ன ஊர்க் கிழவர்களைப் பற்றிய சிறுகதைகள். லாரி ஓட்டப் போகிறவனுக்குப் பெரிய சமவெளியும் ஒற்றை ரோடுமாக வரும் கவிதைகள். படிக்கப் போகிறவர்களுக்கு அந்த மண்ணின் பூர்வகுடிகள் சொன்ன கதைகள். "யாரோட மண்ணுல ரூம் எடுத்துத் தங்கப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க" என்பார். இங்கிலீஷ் வராது என்று நழுவுகிறவர்களுக்கும் வழி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து போரில் ஓடிப்போய் அங்கே குடியேறியவர்கள் தமிழிலேயே எழுதியதை எடுத்துக் கொடுப்பார். "தமிழ் புக்கு படிக்கவா டீச்சர் கனடா போறோம்?" என்று ஒருத்தன் சிரித்தான். டீச்சரும் கூடச் சிரித்துவைத்தார்.

எல்லாம் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கியவை. எப்படிப் படிப்பது என்றும் சொல்லி அனுப்புவார். முதலில் சிறுகதை, பிறகு நாவல். பனி வர்ணனையைப் பார்த்துப் பயந்து மூடிவிடக் கூடாது, கொஞ்சம் தாண்டினால் மனுஷர்கள் வந்துவிடுவார்கள். கேட்கிறவர்கள் பவ்யமாகத் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதில் நம் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது.

பிறகு நடப்பதை நான்தான் பார்ப்பேன். ஏர்போர்ட்டுக்குள்ளே பெட்டியை நிறுத்துப் பார்ப்பார்கள். எப்படியும் எடை கூடியிருக்கும். போகிற பிள்ளை ஒரு கேரிபேக்கோடு வாசலுக்குத் திரும்ப ஓடிவரும். அதில் எப்போதும் டீச்சர் கொடுத்த புத்தகம் இருக்கும். ஊறுகாய் விமானம் ஏறும், இட்லிப்பொடி ஏறும், ஜெயங்கொண்டத்து முந்திரி ஏறும். இலக்கியம் மட்டும் என் வேனில் பெரம்பலூருக்குத் திரும்பும். இதற்காகவே உடனே கிளம்பாமல் வாசலில் காத்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டேன். எரிச்சலாகத்தான் இருக்கும். கூலி இல்லாத சவாரி.

கொண்டுபோய்க் கொடுத்தால் டீச்சர் தூசியைத் தட்டி அலமாரியில் வைப்பார். ஒருநாள் மட்டும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே ஒரு ஆளு படிச்சுட்டு வந்து பேசணும் சரத்து. நல்லாருக்குன்னுகூட வேணாம். இது என்ன டீச்சர் கதைன்னு திட்டினாக்கூடப் போதும். இத்தனை வருசமா எனக்கு அது கெடைக்கல."

"விட்டுத் தள்ளுங்க டீச்சர். சனங்களுக்கு எங்க நேரம் இருக்கு?"

"எனக்கும் அலுப்பாத்தான் இருக்கு. ஆனா அடுத்த ஆளு வந்தா கை தானா அலமாரிக்குப் போவுதே" என்றார்.

அதிகம் போய் அதிகம் திரும்பியது ஒரு நாவல். எனக்கு அதன் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாது, ஜன்னல் புக்கு என்பேன். நான் படித்ததில்லை. டீச்சர் ஒவ்வொருவருக்கும் சொல்லக் கேட்டுக் கேட்டே கதை மனப்பாடம். வேறு தேசத்திலிருந்து ஒரு ரயில்வே கார்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண். பாஷை தெரியாது. குளிர்காலம் முழுக்க ஜன்னலில் நிற்கிறாள். எதிர் வீட்டுக்காரி துணி காயப்போடுகிறாள். துணி பலகையாக விறைத்துப் போகிறது. கடைசிப் பக்கத்தில் அந்த எதிர் வீட்டுக்காரி இவளைப் பார்த்துக் கையைத் தூக்குகிறாள். அவ்வளவுதான் கதை. இதை எழுத ஒரு ஆள், அச்சடிக்க ஒரு ஆள், நடத்த ஒரு டீச்சரா என்று எனக்குத் தோன்றும். சொன்னதில்லை.

டீச்சரின் மகன் தமிழரசன் டொராண்டோ பக்கம் வேலையில் இருந்தான். அவன் போனபோதும் என் வேன்தான். அவனும் வாசலுக்கு ஓடிவந்து அதே ஜன்னல் புக்கைத் திருப்பிக் கொடுத்தான். அன்றைக்கு டீச்சர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

போன வருஷம் மருமகள் ஆர்த்திக்கு மாதம் நெருங்கியது. பிரசவம் பார்க்க அம்மா வர வேண்டும் என்று டிக்கெட் போட்டுவிட்டான் மகன். ஆறு மாதம் லீவு கேட்டதற்குக் கல்லூரியில், திரும்பி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். டீச்சரின் கணவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. யோசனை கேட்கவும் ஆள் இல்லை. ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஊரே அவரைக் கொண்டாடியது. கனடா டீச்சர் கடைசியில் கனடாவுக்கே போகிறார் என்று சொல்லாத ஆள் இல்லை. அவர் முகத்தில் மட்டும் ஒரு களையும் இல்லை.

ஏர்போர்ட்டில் உள்ளே போனார். நான் பழக்கத்தில் வாசலிலேயே நின்றேன். சற்று நேரத்தில் டீச்சர் கேரிபேக்கோடு கண்ணாடிக் கதவருகே வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"பிரசவ லேகியம் இருக்கு, பூண்டு இருக்கு, குழந்தைக்குப் பழந்துணி இருக்கு. எதை எடுக்கறது சொல்லு? இதைத்தான் எடுக்க வேண்டியிருக்கு. அந்தப் புள்ளைங்கள எல்லாம் மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருப்பேன்" என்று ஜன்னல் புக்கை என் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

வருகிற வழியெல்லாம் புத்தகம் பக்கத்து சீட்டில் கிடந்தது. அன்றைக்கு எனக்கும் டீ குடிக்கத் தோன்றவில்லை.

பேரன் பிறந்தான். டீச்சர் எப்போதாவது வாட்ஸப்பில் கூப்பிடுவார். குரல் வர வரத் தேய்ந்துகொண்டே போனது. பகலில் மகன் வேலைக்குப் போய்விடுவான், ஆர்த்தியும் குழந்தையும் தூங்குவார்கள். சமையல், பாத்திரம், துணி, மறுபடி சமையல்.

"ஊரெல்லாம் சுத்திப் பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"வூட்டுக்குள்ளயேதான் இருக்கேன். வெளிய காலு வச்சா வழுக்குது. ஜன்னல் வழியா பாப்பேன். எதிர் வூட்டுல ஒரு அம்மா பனிய வாரிக் கொட்டிக்கிட்டு இருக்கும்." குழாயை மூடிவிட்டு அவரே தொடர்ந்தார். "கதாநாயகியின் தனிமையை விளக்குகன்னு பத்து மார்க் கேள்வி. வருசா வருசம் நானே குறிப்பு எழுதிப் போட்டேன். ஒண்ணுமே தெரியாம போட்டிருக்கேன் சரத்து. அந்த புக்கு இப்ப எனக்கு வேணும். யாராவது வந்தா குடுத்து அனுப்பேன்."

டீச்சர் எதையும் தனக்கு வேண்டும் என்று கேட்டு நான் அறிந்ததில்லை. அந்த மாதமே செட்டிகுளத்திலிருந்து ஒரு சவாரி வந்தது. சுவாதி என்ற பெண், மேல்படிப்புக்குப் போகிறாள். அவள் போகிற இடத்திலிருந்து டீச்சர் வீடு பஸ்ஸில் போய்விடும் தூரம். அவள் வீட்டில் ஏறும்போதே புத்தகத்தைக் கொடுத்து, யாருக்கு, எதற்கு என்று சொன்னேன். அவளும் தலையாட்டினாள். எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தத் தலையாட்டல் எனக்கு வேண்டியமட்டும் பழக்கம்.

ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு வாசலில் நின்றேன். நினைத்தபடியே சுவாதி கேரிபேக்கோடு ஓடிவந்தாள். நான் கையை நீட்டினேன். உள்ளே சின்ன வெங்காய வடகம்.

அவள் அம்மா ஆண்டாயிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, வெயில்ல கெடந்து போட்ட வடகத்தக் குடுக்குற? அந்தப் புக்கக் குடுத்துட்டு இத எடுத்துட்டுப் போடி!"

"புக்கு பெட்டியில இல்லம்மா. கையில வச்சிருக்கேன். கையில வச்சுப் படிக்கிற புக்க யாரும் நிறுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். புத்தகம் அவள் கக்கத்தில் இருந்தது.

நான் கேரிபேக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இத்தனை வருஷம், இத்தனை பிள்ளைகள், எத்தனை கேரிபேக். ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. இங்கேயே நின்று வேடிக்கை பார்த்த எனக்கும் தோன்றவில்லை. படிக்க வேண்டும் என்று நினைத்திருந்தால்தானே தோன்றும்?

இரண்டு வாரம் கழித்து டீச்சர் கூப்பிட்டார். புத்தகம் வந்ததா என்றுதான் முதலில் கேட்டேன்.

"வந்துச்சு. அந்தப் பொண்ணு நேர்ல கொண்டாந்துச்சு. வந்த கையோட ஒரே சண்டை."

"சண்டையா?"

"அவ ஏன் கதவைத் திறந்துட்டு வெளிய போவ மாட்டேங்குறா, எதிர் வூட்டுக்காரிய இவளே போய் கூப்ட்டா என்ன கொறஞ்சா போவும்னு கேக்குது. ஃப்ளைட்டுல பாதி படிச்சிருக்கு. நான் பதில் சொல்ல, அது ஒண்ணு சொல்ல, அடுப்புல சாம்பார் தீஞ்சு போச்சு. கெளம்பறப்போ, மீதியப் படிச்சுட்டுத் தரேன் மேடம்னு புக்கக் கையோட எடுத்துட்டுப் போயிருச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன டீச்சர் இது? உங்களுக்குன்னு அனுப்புனது! நீங்க வாங்கி வச்சுக்க வேணாமா?"

அந்தப் பக்கம் டீச்சர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பனியில் சளி பிடித்திருக்கிறதாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எப்படிப்பா வாங்குவேன்? படிச்சுக்கிட்டு இருக்குதே!" என்றார்.

"அப்ப நீங்க என்னத்தப் படிப்பீங்க?"

"எனக்கு ஜன்னல் இருக்கு" என்றார் டீச்சர். "போன வை, சாப்பாடு வைக்கணும்."