உதட்டில் படாத குழல்

போன வருஷம் ஆடி மாசம் ஆரம்பித்தது இது. பெருங்களத்தூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான் மட்டும் தனியாக இருந்தேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்குப் பிரசவம். துணைக்கு என் மனைவி ஆறு மாசத்துக்குக் கிளம்பிப் போனாள். இரண்டு பேருக்கு டிக்கெட் போட வசதிப்படவில்லை. 'நான் பார்த்துக்கறேன், நீ போயிட்டு வா' என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி விமானம் ஏற்றிவிட்டு வந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது. மின்விசிறி சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை. லிப்ட் நம் மாடியில் நின்றால் யாரோ வருகிறார்கள் என்று காது அங்கே போகும். எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடும். அவ்வளவுதான். குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு நாளைக்கு வந்தது.

குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். பத்தாவது தாண்டவில்லை. சங்கீதம் எல்லாம் கேட்டதோடு சரி. கோகுலாஷ்டமி அன்று தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டுக்குக் கீழே ஒருவர் கழியில் புல்லாங்குழல்களைச் செருகி விற்றுக்கொண்டிருந்தார். கிருஷ்ணர் முன்னால் வைக்கலாமே என்று ஒன்று வாங்கினேன். பூஜை முடிந்து மகளிடம் போனில் பேசும்போது, என்ன தோன்றியதோ, "குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்னிக்கு நான் இங்கிருந்தே குழல் ஊதுறேம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் சந்தோஷத்தில், "அப்பா, நிஜமாவா? எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றாள். சொல்லியும் விட்டாள்.

மறுநாளே போனில் வீடியோ பார்த்து ஆரம்பித்தேன். சத்தம் வரவில்லை. வெறும் காற்று. அடுப்பு ஊதுகிற மாதிரி 'புஸ் புஸ்' என்று போனது. பத்து நிமிஷம் ஊதினால் தலை சுற்றி நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. தொழில் புத்தி விடுமா? ஓட்டை சரியில்லையோ என்று வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துகூடப் பார்த்தேன்.

நான் என்ன செய்தேன் என்றால், குழலை உதட்டில் படாமல், ஒரு நூல் தள்ளிப் பிடித்து ஊதினேன். எங்கள் வீட்டில் தண்ணீரைக்கூடத் தூக்கித்தான் குடிப்போம். சாமி முன்னால் வைத்து எடுத்த குழலில் எச்சில் படலாமா? வீடியோவில் அவர்கள் உதட்டில் வைத்துத்தான் ஊதினார்கள். ஆனால் அவர்கள் வித்வான்கள், அது அவர்கள் குழல், நமக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

நாட்கள் ஓடின. பேத்தி பிறந்தாள். முப்பதாம் நாள் பேர் வைப்பதாக முடிவானது. எனக்கோ இன்னும் ஒரு சத்தம்கூட வரவில்லை. பகவானுக்கு என் ஊதல் பிடிக்கவில்லை, அதனால்தான் குழலைப் பேச விடமாட்டேன் என்கிறார் என்று நிஜமாகவே நம்பினேன். பூஜை அறையில் உட்கார்ந்து ஒருநாள் அழுதேன். அங்கே போகவும் முடியவில்லை, இங்கிருந்து ஒரு ஊதலுக்குக்கூட எனக்குக் கொடுப்பினை இல்லையா என்று.

பேர் வைக்க ஒரு வாரம் இருக்கும்போது, குழலை எடுத்துக்கொண்டு தாம்பரம் போனேன். அதே ஆள் அதே இடத்தில் இருந்தார். குழல் பேச மாட்டேன் என்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

"இன்னா சார், ஒம்மேல அதுக்குக் கோவமா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கி, வாயில் வைத்து ஊதினார். அந்த பஸ் இரைச்சலிலும் கணீர் என்று வந்தது.

எனக்குக் குழல் பேசியதைவிட, அதில் அவர் வாய் பட்டதுதான் பெரிதாகத் தெரிந்தது. முகம் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

"இன்னா மூஞ்சி சுருங்குது? எச்சி பட்டுச்சேன்னா?"

மென்று விழுங்கி, நான் உதட்டில் படாமல் ஊதிய கதையைச் சொன்னேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்ற அம்மாவைக் கூப்பிட்டு, "யக்கா, இந்த சாரு குழலை அண்ணாந்து குடிக்கிறாராம்!" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சார், ஒங்க வூட்டு கிஷ்ணர் படத்துல குழல் எங்க கீது?"

"வாயில."

"அப்பறம் இன்னா?"

என் கண் மறுபடி அவர் கையிலிருந்த குழலுக்குப் போயிற்று.

"கழியில கீற அல்லாத்தையும் காலைல நான் ஊதிப் பார்த்துட்டுதான் சொருவுறேன். நீ வாங்கசொல்லயே என் வாய் பட்டதுதான் அது" என்று சட்டையில் துடைத்துக் கையில் கொடுத்தார். அப்படியானால் ஒரு மாசத்துக்கு மேலாக என் பூஜை அறையில் இருந்தது அவர் வாய் பட்ட குழல்தான். சாமி ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அங்கேயே, அவர் எதிரிலேயே உதட்டில் வைத்தேன். கீழ் உதட்டில் கொஞ்சம் அழுத்தச் சொன்னார். நாலாவது தடவை ஒரு சத்தம் வந்தது. கரகரவென்றுதான், ஆனாலும் சத்தம். கொய்யாப்பழ அம்மா கை தட்டினார்.

ஒரு வாரத்தில் பாட்டு வருமா? ச, ரி, க. மூன்றுதான் வந்தது.

பேர் வைக்கும் நாளன்று விடிகாலையில் குளித்து, விளக்கேற்றி, போன் முன்னால் உட்கார்ந்தேன். அங்கே அவர்களுக்குப் பத்து மணி. கூட்டம், சிரிப்பு. போனை ஏதோ அலமாரியில் சாய்த்து வைத்திருந்தார்கள். எனக்கு ஜன்னல் திரையும் யாரோ ஒருவரின் முதுகும்தான் தெரிந்தது. "ஏங்க, ஊதுங்க" என்று மனைவி குரல் கொடுத்தாள். மூன்று ஸ்வரத்தையும் மேலும் கீழுமாக ஊதினேன்.

"சரி, பாட்டை ஆரம்பிங்க" என்றாள்.

"அவ்வளவுதான்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டார்கள். எல்லோரும் போய்விட்டார்கள். போனை யாரும் அணைக்கவில்லை. வெகு நேரம் நான் அந்த ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் மனைவி வந்து போனை எடுத்தாள். "இன்னும் இருக்கீங்களா? என்னங்க?" என்றாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் நான் அவளிடம் சொல்லாத ஒன்று அப்போது வாயில் வந்துவிட்டது. "எப்ப வருவ? என்னால தனியா இருக்க முடியல."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊதினதைவிட இது நல்லா இருக்கு" என்றாள்.

அவள் திரும்பி வர அதற்கப்புறமும் மூன்று மாசம் ஆயிற்று. வீடு அதே வெறிச்சோடிய வீடுதான். ஆனால் சாமியிடமும் சரி, கட்டியவளிடமும் சரி, மரியாதை, கௌரவம் என்று நினைத்து நான் விட்டு வைத்த இடைவெளி எவ்வளவு என்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. அதைக் குறைக்க இன்றைக்கும் முயற்சி பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.