மஜீத் பாய் ஏஜெண்டு வைத்த கதை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் மஜீத் பாய்க்கு ஒரு குணம் உண்டு. எந்த வேலைக்கும் ஆள் வைக்கமாட்டார். குழாய் ஒழுகினால் அவரே ஸ்பேனரை எடுப்பார். குழாய் இன்னும் கொஞ்சம் ஒழுகும். பட்டா, பான் கார்டு, எதுவானாலும் ஆபீஸ் ஆபீசாக அவரேதான் ஏறி இறங்குவார். கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. தன் வேலையை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கண்மூட முடியாத மனுஷர், அவ்வளவுதான்.

அதனால், மகள் அத்தியாவைக் கனடாவில் இருக்கும் அவள் புருஷன் அமீரிடம் அனுப்பிவைக்கும் விண்ணப்பத்தையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். கல்யாணமான மறு மாதமே அமீர் அங்கே கிடங்கு வேலைக்குத் திரும்பிவிட்டான். மாப்பிள்ளை போனில் சொல்லச் சொல்ல, மாமனார் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர்காரனை விரட்டி ஒவ்வொன்றாக ஏற்றினார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. கடைசியில் கனடா விசா ஆபீசிலிருந்து நிராகரித்துப் பதில் வந்தது. இது உண்மையான திருமணம்தானா என்பதில் அவர்களுக்குத் திருப்தி இல்லையாம்.

பாய்க்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. ஊரே வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போன கல்யாணம் அது. பிறகு, அனுப்பிய படங்களை எடுத்துப் பார்த்தார். அவர்கள் வழக்கப்படி நிக்காஹ் பள்ளிவாசலில், ஆண்கள் நடுவே நடந்தது. பெண்ணோ வீட்டில், பெண்கள் நடுவே இருந்தாள். பெண்கள் பக்கம் கேமரா வரக்கூடாது என்று வாசலில் நின்று போட்டோக்காரரை மறித்தவரும் சாட்சாத் இவரேதான். ஆகவே எல்லாப் படத்திலும் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பவர் மஜீத் பாய். அந்த ஆல்பத்தைப் பார்க்கிற யாருக்கும் அமீர் கட்டிக்கொண்டது இவரைத்தானோ என்று தோன்றும்.

அத்தோடு அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. செருப்பைக் காலில் மாட்டிப் பார்க்கிறவர்கள்கூட, "இன்னா பாய், பொண்ணு இன்னும் போவலியா?" என்று கேட்டார்கள். "போவுது, போவுது" என்று சொல்லிச் சொல்லி வாய் சலித்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தாலே உட்கார்ந்த இடத்தில் முட்டி வலித்தது. அத்தியாவோ ஒன்றுமே கேட்கவில்லை. சமையல், துணி, டிவி என்று அவள்பாட்டுக்கு இருந்தாள். அவள் ஒருதரம் கத்தி அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

"ஏங்க, ஒரு ஏஜெண்டு வெச்சிக்கினாதான் இன்னா?" என்று அவர் மனைவி ரஜியா தினமும் கேட்டாள்.

"அவன் புதுசா இன்னா கிழிக்கப் போறான்? நான் செஞ்சதையேதான் ஏசி ரூம்ல ஒக்காந்துக்கினு செய்வான்."

சொன்னாரே தவிர, அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்கு பஸ் ஏறினார். ஒரு லாட்ஜின் மேல்மாடியில் விசா வேலை பார்க்கும் பெரியநாயகி அம்மாளின் ஆபீஸ். ஏசி இல்லை, கீழே லாரிகள் அடிக்கிற ஹாரன்தான் இருந்தது. அந்த அம்மாள் எல்லாவற்றையும் நிதானமாகப் புரட்டினார்.

"பேப்பர்லாம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க பாய். போட்டோ இல்லாததுகூடப் பெரிசில்ல. உங்க வழக்கம் இப்படித்தான்னு ஜமாத்துல எழுதி வாங்கி வெளக்கிடலாம். ஆனா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பேசிக்கினு இருக்கறதுக்கு ரெக்கார்டு வேணுமே." பிறகு அத்தியாவைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, அவரு எப்பப் பேசுவாரு?"

அத்தியா அப்பாவைப் பார்த்தாள். "அத்தா கடைல இருக்கும்போது அவங்க போனுக்குப் பண்ணுவாரு. அவருக்கு ரெண்டு எடத்துல வேலை. நடுவுல கொஞ்ச நேரம்தான் கெடைக்கும். பேப்பர் விஷயம் பேசறதுக்கே அது சரியாப் பூடும்."

"உன்கிட்ட?"

"அத்தா வூட்டுக்கு வந்து சொல்லுவாங்க."

குறை சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. மஜீத் பாய்க்கு வெட்கமாக இருந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட இருந்தது. "அத்தியா எப்படி இருக்கு மாமா?" என்று அமீர் கேட்காத நாளில்லை. "நல்லா இருக்கா மாப்ள, அந்த போலீஸ் சர்டிபிகேட்டு..." என்று அதைத் தாண்டிக்கொண்டு போனவர் இவர்தான். அந்தப் பையனுக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்தையும் இரண்டு வருஷமாகத் தானே பேசித் தீர்த்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்பவே மறுபடி போட வாணாம்," என்றார் பெரியநாயகி. "கொஞ்ச நாள் ரெண்டு பேரும் பேசட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

பீஸ் விஷயத்தில் ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் பாய் வந்திருந்தார். இப்போது அந்த ஞாபகமே வரவில்லை. பேப்பர்கள் இருந்த பையை அப்படியே மேசைமேல் தள்ளினார்.

"எல்லாம் நீங்களே வெச்சிக்குங்கம்மா. இனிமே பேப்பர் விஷயம்னா மாப்ள உங்ககிட்டயே பேசட்டும். என்கிட்ட வாணாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. சாயங்காலம், வழக்கமான நேரத்துக்கு அவர் போன் அடித்தது.

"மாமா, ஏஜெண்டு இன்னா சொன்னாங்க?"

"அதெல்லாம் அவங்ககிட்டயே கேட்டுக்குங்க மாப்ள. நம்பர் அனுப்பறேன். இந்தாங்க, அத்தியா பக்கத்துல இருக்கா."

நீட்டிய போனை அவள் வாங்கினாள். வாங்கி, உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"இன்னா அத்தா பேசறது?"

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்து, கம்பியைப் பிடித்தபடி முன்னால் போய் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் அத்தியா பேசறேங்க," என்றாள் கடைசியில், முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல.