தொக்கம் எடுத்த பிறகும் வலித்த வயிறு

வலி முதலில் வந்தது ஒரு மத்தியானம். பெரம்பலூர் கடைவீதியில் எனக்குத் தையல் கடை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பி, மிஷினில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். நெஞ்சுக்குழிக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு, தணலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தது போல எரிந்தது. மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு இருந்தேன். ஒரு மணி நேரத்தில் தானாக அடங்கிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் வலிக்கிறவர்கள் இதைப் படித்தால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வலி எப்போது வருகிறது, எதைத் தின்றால் வருகிறது, எதைத் தின்றால் வரவில்லை என்று கவனித்து வையுங்கள். அதைவிட முக்கியம், கவனித்ததை டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். நான் முதலாவதைச் செய்தேன். இரண்டாவதைச் செய்ய எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

சில வாரங்களில் சோற்றைக் கண்டாலே பயம் வந்தது. தின்றால் வலிக்கும் என்பதால் பாதியில் எழுந்தேன். பிறகு பாதியும் இறங்கவில்லை. கடைசியில் பசி என்பதே மறந்து போயிற்று. மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தால், இவர்களுக்கு இதில் என்ன ருசி என்று எரிச்சலாக இருக்கும்.

அது யுத்த காலம். துணிக்குத் தட்டுப்பாடு, கடைக்குப் பழைய துணியைத் திருப்பித் தைக்கக் கொண்டுவருவார்கள். வந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்கள் ஆனார்கள். ஒருவர் ஓமத்தண்ணீர் என்றார். ஒருவர் விளக்கெண்ணெய் குடித்துப் பேதி போகச் சொன்னார். ஒருவர் மூன்று நாள் பட்டினி கிடக்கச் சொன்னார். மறுநாள் வந்தவர், பட்டினி கிடந்ததால்தான் வாயு ஏறிவிட்டது என்றார். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தவர் சோடா குடிக்கச் சொன்னார்.

“என்ன டெய்லரே, ஊருக்கெல்லாம் அளவு எடுக்கறீங்க, ஒங்க இடுப்பு எங்க போச்சு?” என்று கேட்டுவிட்டு, மிளகை நெய்யில் வறுத்துத் தின்னச் சொல்லிப் போனார் இன்னொருவர்.

நான் எட்டாவது வரை படித்தவன். சுபாவத்தில் கூச்சம். வேண்டாம் என்று சொல்ல வராது. எல்லாவற்றையும் விழுங்கினேன். மிளகு தின்ற அன்று தரையில் சுருண்டு கிடந்தேன். மறுநாள் அவர் வந்து, “கேட்டுச்சா?” என்றார். “பரவாயில்லைங்க” என்றேன்.

வீட்டில் நானும் என் மனைவி அஞ்சலையும்தான். முதல் மனைவி ஜுரத்தில் இறந்த பிறகு இவளைக் கட்டிக்கொண்டேன். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவள். எனக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஜெயங்கொண்டத்திலிருந்து என் அக்கா வந்து சேர்ந்தாள். இரண்டே வாரத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். வீட்டில் சாப்பிட்டால் எனக்கு வலிக்கிறது. வேலை அதிகமான நாட்களில் காபி கிளப்பில் இட்லியும் சர்க்கரையும் வாங்கித் தின்றால் வலிக்கவில்லை.

“வூட்டுச் சோறு வலிக்குது, கிளப்பு இட்லி வலிக்கல. இதுக்கு மேல என்னடா சாட்சி? ஒன்னைக் கைக்குள்ள போட்டுக்க அவ மருந்து வச்சிருக்கா.”

புருஷனை வசப்படுத்தச் சோற்றில் எதையோ கலந்து கொடுப்பார்கள், அது குடலில் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. இரண்டாம் தாரம் என்றால் அந்தப் பேச்சு சீக்கிரம் வரும். அக்கா இதை அடுக்களைக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.

“அதெல்லாம் இருக்காதுக்கா” என்றேன். அதோடு என் பேச்சு முடிந்தது. கிளப்பில் நான் சட்னி தொட்டுக்கொள்வதில்லை, வீட்டிலோ மிளகாயும் புளியும் இல்லாமல் குழம்பு இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். சொன்னால் அக்கா பதில் சொல்வாள். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டேன்.

ஆண்டிமடத்துக்கு அப்பால் ஓர் ஊரில் தொக்கம் (செரிக்காமல் குடலில் ஒட்டி நிற்பதாகச் சொல்லப்படுவது) எடுக்கிறவர் இருந்தார். அக்கா வண்டி கட்டினாள். அஞ்சலையும் கூட வர வேண்டும் என்றாள். முந்திரித் தோப்புகள் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது அங்கே இருபது பேர் காத்திருந்தார்கள்.

என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றில் எண்ணெய் தடவிப் பிசைந்தார். தொப்புளுக்கு மேல் ஒரு குழலை வைத்து வாயால் உறிஞ்சினார். பிறகு வாழையிலையில் துப்பினார். மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்று விழுந்தது. சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். குனிந்தபோது அவர் முகம் என் முகத்துக்கு அருகில் இருந்தது. குழலை வைப்பதற்கு முன்பே அவர் கன்னம் உப்பியிருந்ததை நான் பார்த்தேன்.

“இப்ப எப்படி இருக்கு? லேசா இருக்கா?”

பிசைந்த இடம் முன்னைவிட வலித்தது. இருபது முகங்கள் என்னையே பார்த்தன. இத்தனை பேர் நடுவில் அந்த மனிதரை எப்படிப் பொய்யராக்குவது?

“லேசா இருக்குங்க” என்றேன்.

அக்கா திரும்பி அஞ்சலையைப் பார்த்தாள். இலையில் கிடந்ததைவிட என் சொல்தான் பெரிய சாட்சியாகப் போயிற்று.

மூன்றாம் நாள் அஞ்சலையின் அண்ணன் அரியலூரிலிருந்து வந்தார். கொஞ்ச நாள் தாய்வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. தை பிறந்ததும் நாலு பேரை வைத்துப் பேசித் தீர்த்துவிடலாம், அதாவது திரும்பி வரவே வேண்டாம் என்று அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள்.

கிளம்பும்போது அஞ்சலை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “ஒங்களுக்கு நெசமாவே லேசா இருந்துச்சா?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன்.

அதன் பிறகு அக்கா சமைத்தாள். மிச்ச மருந்து முறியட்டும் என்று ரசத்தில் மிளகை அள்ளிப் போட்டாள். வலி முன்போலவே வந்தது, முன்னைவிடச் சீக்கிரமாகவும் வந்தது. ஆனால் எனக்குத்தான் குணமாகிவிட்டதே. வலிக்கிறது என்று இனி எந்த வாயால் சொல்வது? சாப்பிட்ட கையோடு கடைக்கு ஓடி, திரைக்குப் பின்னால் குந்திக்கொள்வேன். உடம்பு இளைக்க இளைக்க, என் சட்டையை நானே இரண்டு முறை பிடித்துத் தைத்தேன்.

மார்கழியில் மலம் தார் போலக் கறுத்துப் போயிற்று. இதை யாரிடம் சொல்வது? இரண்டு நாள் சும்மா இருந்தேன். தயவுசெய்து நீங்கள் அப்படி இருக்காதீர்கள். அது வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளம். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் காலை கடையில் காபித்தூள் போல வாந்தி எடுத்து மிஷின் மேலேயே சாய்ந்தேன்.

பக்கத்துக் கடைக்காரரும் அக்காவும் என்னைக் கரி பஸ்ஸில் ஏற்றி அரியலூருக்குக் கொண்டுபோனார்கள். பெட்ரோல் இல்லாததால் அப்போது பஸ்கள் கரிப்புகையில் ஓடின. ஏற்றம் வந்தால் நிற்கும். ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். நான் சீட்டில் படுத்திருந்தேன். அக்கா என் தலையைப் பிடித்துக்கொண்டு, மருந்து வைத்தவளைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை ஓர் இடத்தில்தான் அழுத்தினார். மலத்தின் நிறத்தைக் கேட்டார். இரைப்பைப் புண் (உணவு தங்கும் பையின் உள்சுவரில் விழும் ரணம்) என்றார். உப்பும் புளியும் உறைப்பும் பட்டால் புண் எரியும், சாப்பிட்ட அரை மணியில் வலிப்பது அதனால்தான் என்றார். முதல் நாள் கரண்டியால் தண்ணீர் மட்டும். மறுநாளிலிருந்து மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் பால்.

பஸ் நிலையத்தில் யாரோ சொல்லி அஞ்சலைக்குச் செய்தி போயிருந்தது. மறுநாள் காலை செம்பில் பாலோடு வார்டு வாசலில் நின்றாள்.

“அவ கையால வேண்டாங்க டாக்டர்” என்றாள் அக்கா. ஏன் என்று டாக்டர் கேட்கவும், இலையில் விழுந்த உருண்டை வரைக்கும் வார்டு முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “அதை எடுத்தப்புறம் வலி நின்னுச்சா?”

எட்டுக் கட்டில்கள். எல்லோரும் பார்த்தார்கள். வாசலில் அவளும் பார்த்தாள்.

“நிக்கலைங்க. ஒரு நாள்கூட நிக்கல.”

“லேசா இருக்குன்னியேடா” என்றாள் அக்கா.

“பொய் சொன்னேன்க்கா.”

“எதுக்குடா?”

“எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க.”

“ஆண்டிமடம் வரைக்கும் வண்டி கட்டிக்கிட்டுப் போனேனேடா, பாவி” என்றாள் அக்கா. “அவளை அனுப்பி நாலு மாசமா நாந்தானேடா ஆக்கிப் போட்டேன். அப்பவும் வலிச்சுதா?”

“அப்பதாங்க்கா ரொம்ப வலிச்சுது.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. “சாப்பிட்ட சாப்பாடு நாலஞ்சு மணி நேரத்துல இரைப்பையை விட்டுப் போயிடும்மா. மயிரும் சோறுமா மாசக்கணக்குல ஒட்டிக்கிட்டு இருக்காது. வலிக்குதுன்னு இவர் முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு ரத்தம் போயிருக்காது” என்றார்.

அஞ்சலை உள்ளே வந்தாள். டம்ளரில் பாலை ஊற்றி, அக்காவைப் பார்த்தபடி முதலில் ஒரு வாய் தான் குடித்தாள். மீதியை எனக்குக் கொடுத்தாள். நான் படுத்திருந்த நாலு வாரமும் ஒவ்வொரு வேளையும் அப்படித்தான் கொடுத்தாள். நீ முதலில் குடிக்க வேண்டாம் என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. நான் சொல்வதை அவள் ஏன் நம்ப வேண்டும்?

பாலோடு ஒரு வெள்ளைப் பொடி (இரைப்பையின் புளிப்பு நீரை அடக்கும் காரம்). பத்து நாள் கழித்துக் குழைந்த கஞ்சி. அதுவரை போட்டுவந்த புகையிலையை அடியோடு விட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திருச்சியில் சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே (உடம்பின் உள்ளே இருப்பதைக் காட்டும் படம்) எடுத்தார்கள். புண் ஆறிவருகிறது என்றார்கள். திரும்பவும் வரலாம் என்றும் சொன்னார்கள்.

தையில் யாரும் கூடிப் பேசவில்லை. அஞ்சலை வீட்டுக்கு வந்தாள். அக்கா ஜெயங்கொண்டத்துக்குப் போகவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. எனக்கு அதுவும் வாயில் வரவில்லை.

இப்போது என் நாள் மூன்று வேளையாக இல்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் எதையாவது கொஞ்சம் சாப்பிட வேண்டும். கடிகாரம் பார்ப்பதில்லை; வயிறே சொல்லிவிடுகிறது. முன்பெல்லாம் உடம்பு என்று ஒன்று இருப்பதே நினைவில் இராமல் பொழுது சாயும் வரை தைப்பேன். இனி அப்படி ஒரு நாள் எனக்கு வராது. பசி திரும்ப வந்த அன்று அதை நோயென்று எண்ணிப் பயந்துபோனேன்.

அஞ்சலை வீட்டிலும் வெகு நாள் முதல் கவளத்தைத் தான் தின்றுவிட்டே எனக்குப் பரிமாறினாள். போன மாதம் ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் பழைய இடத்தில் எரிந்தது. எழுந்து கடைக்குப் போக நினைத்தேன். அக்கா கூடத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இதைச் சொல்வதா என்று ஒரு கணம் தோன்றிற்று.

“இன்னிக்கு வலிக்குது” என்றேன்.

அஞ்சலை கையில் இருந்த கரண்டி நின்றது. முறமும் நின்றது.

“புளி கூடிப்போச்சு” என்றாள் அஞ்சலை.

“கரைக்கும்போதே சொன்னேன்” என்றாள் அக்கா. “எங்க காதுல வாங்குறா?” முறம் மறுபடியும் புடைக்கத் தொடங்கியது.

மறுநாள் புளி குறைந்திருந்தது. அஞ்சலை முதல் கவளத்தை எடுக்காமல் நேராக என் இலையில் போட்டாள்.