ஐந்தாம் கட்டத்து அணிலும் என் சிவப்பு மசியும்

விற்கிற பொருளின் குறையை விற்பவனே சொல்லக் கூடாது என்பது எல்லாக் கடைக்காரர்களும் வாய்விட்டுச் சொல்லாமல் கடைப்பிடிக்கிற சட்டம். நான் குறைகளை அட்டையில் எழுதி ஆணியில் மாட்டினேன்.

தொண்ணூறுகளில் மலேசியாவின் மலாக்காவில், காஜா பேராங் வட்டாரத்தில், கையடக்க வீடியோ விளையாட்டுப் பெட்டிகளும் அவற்றில் சொருகுகிற கேசட்டுகளும் விற்றுக்கொண்டிருந்தேன். பாதிக் கடை எனது. மறுபாதியில் மாலிக் பாய் கடிகாரம் விற்றார், பழுதும் பார்த்தார். கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தவர்கள் இதைப் படித்தால், நான் செய்தது நேர்மையா திமிரா என்று நீங்களே சொல்லுங்கள். ஐம்பது தாண்டியும் எனக்குத் தெரியவில்லை.

டப்பாவைப் பார்த்தவன்

கடை திறந்த புதிதில் எல்லாக் கேசட்டையும் "ரொம்ப நல்ல ஆட்டம்" என்று சொல்லித்தான் விற்றேன். லாரி ஓட்டுகிற முனியாண்டி அண்ணன் அதை நம்பி ஒன்று வாங்கிப் போனார். துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும், பொழுது போகாது, அதற்காக. நாலு நாளில் திரும்பி வந்தார். கோபமில்லை. கேசட்டைக் கவுண்டர் கண்ணாடிமேல் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

நல்ல ஆட்டம் என்று எதை வைத்துச் சொன்னேன் என்று யோசித்தேன். டப்பாமேல் படம் அழகாக இருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எந்த ஆட்டத்தையும் கடைசிவரை ஆடிப் பார்த்து, நிறையைப் பச்சை மசியிலும் குறையைச் சிவப்பிலும் அட்டையில் எழுதி மாட்டுவது. மேலே மலாய், கீழே தமிழ். அதற்குக் காரணம் அண்ணன் கேட்ட ஒரே கேள்வி:

"தம்பி, நீ வெளையாடிப் பாத்தியா, இல்ல டப்பாவப் பாத்தியா?"

அணில் வந்தது

அந்த ஆட்டத்தின் பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்ததால் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஓர் அணில் மரம் மரமாகத் தாவிக் கொட்டை பொறுக்கும். ஆகவே அதற்கு அணில் என்றே பெயராகிவிட்டது. கவுண்டரில் கயிற்றால் கட்டிவைத்திருந்த பெட்டியில், யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கிற பெட்டி அது, அதில்தான் நானும் ஆடினேன். அட்டை எழுதினேன்.

பச்சையில்: பட்டனைத் தொட்டால் குட்டித் தாவல், அழுத்திப் பிடித்தால் நெடுந்தாவல், விரல் நினைப்பதை அணில் செய்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு தேநீர் குடிக்கிற நேரம்தான். பேட்டரி சீக்கிரம் தீராது. சிவப்பில்: பெட்டியை அணைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, மறுபடி முதலிலிருந்து. சிறிய திரை என்பதால் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாமலே குதிக்க வேண்டும். தேன்கூடும் இலையும் ஒரே சாம்பல் நிறம், குளவி கொட்டிய பிறகுதான் தெரியும். ஐந்தாம் கட்டத்து ஆற்றைத் தாண்டவே முடியாது, இது செய்தவர்களின் பிழை.

மாலிக் பாய் பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே ஒரு கண்ணால் அட்டையைப் படித்தார்.

"அப்ப நானும் எல்லாக் கடிகாரத்துலயும் 'இது ஒரு நாள் நிக்கும்'னு ஒட்டி வைக்கவா?"

கட்டுப்போட்ட கால்

பக்கத்துக் குடியிருப்பான செட்டி கம்பத்து நடராஜா அங்கிள் காலில் மாவுக்கட்டோடு கட்டையை ஊன்றி வந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வம்சம். பிள்ளையார் முதல் முனீஸ்வரர் வரை எல்லாச் சாமியையும் கும்பிடுவார், தமிழ் பேச வராது. எங்களுக்குள் மலாய்தான். பச்சை வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டார். அதை எல்லாக் கடையும் சொல்லும், சிவப்பை மட்டும் படி என்றார். அணைத்தால் முதலிலிருந்து ஆட வேண்டும் என்ற வரிக்கு வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். நான் பெருங்குறை என்று நினைத்து முதலில் எழுதிய வரி அது. பெட்டியையும் கேசட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதாம், முதலிலிருந்து ஆடாமல் எனக்கு வேறு எங்கே போக வேண்டியிருக்கிறது?"

கோலாலம்பூர்க்காரர்

எனக்குப் புதுக் கேசட்டெல்லாம் ஒரே ஆளிடமிருந்துதான் வரும். கோலாலம்பூர் மொத்த வியாபாரியின் விற்பனை ஆள், பெயர் ஜெயா. மாதம் ஒருமுறை வேனில் வருவார். அவர் நிறுத்தினால் என் அலமாரி நின்றுவிடும். வேறு மொத்த வியாபாரிகள் இவ்வளவு சின்னக் கடைக்குச் சரக்கு தருவதில்லை. அந்த மாதம் வந்தவர் அட்டையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"என்னா பாஸ் இது? நான் கொண்டாந்த சாமானுக்கு நீயே ஒப்பாரி வைக்கிற?"

"பொய் எழுதலையே. ஐந்தாம் கட்டத்தை நீங்களே தாண்டிக் காட்டுங்க, இப்பவே கிழிச்சிடறேன்" என்றேன். பெட்டியை நீட்டினேன். கயிறு எட்டாததால் அவர் கவுண்டர்மேல் குனிந்துகொண்டே ஆடினார். ஏழு தரம் அணில் ஆற்றில் விழுந்தது. ஒவ்வொரு தரமும் மாலிக் பாய் "போச்சு லா" என்று மெதுவாகச் சொன்னார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை இப்போது நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது. ஜெயா நெற்றியைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்:

"அடுத்த மாசம் வருவேன். அட்ட தொங்கிச்சுன்னா வெறும் அலமாரிய வாடகைக்கு விட்டுக்கோ."

கமலாவின் கட்டைவிரல்

கமலா, பத்து பெரண்டாம் என்ற இடத்தில், ஒரு மின்னணுச் சாமான் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். ஷிப்ட் முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் இறங்கி, வீடு இருக்கிற புக்கிட் பாருவுக்கு மோட்டார் சைக்கிளை எடுக்குமுன் என் கடையில் எட்டிப் பார்ப்பாள். அணில் கேசட்டை வாங்கிப் போய் இரண்டாம் வாரம் வந்து, "அண்ணே, அட்டைல தப்பு. ஆத்தத் தாண்டிட்டேன்" என்றாள். முடியாது என்றேன். பையிலிருந்து தன் பெட்டியை எடுத்து என் கண்முன்னே தாண்டினாள். அதே கேசட்டைக் கழற்றி என் கவுண்டர் பெட்டியில் சொருகி ஆடினாள். அணில் ஆற்றில் விழுந்தது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் பட்டனை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினாள். மாலிக் பாயிடம் திருப்புளி வாங்கிப் பெட்டியைத் திறந்தாள். தாவும் பட்டனுக்கு அடியிலிருந்த ரப்பர், வருவோர் போவோரெல்லாம் தட்டித் தட்டி மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. தொட்டால் வேலை செய்கிறது, அழுத்திப் பிடித்தால் பாதியில் விட்டுவிடுகிறது. குட்டித் தாவல் உண்டு, நெடுந்தாவல் பாதிதான், அந்தப் பாதியையே நான் முழுசென்று நினைத்திருக்கிறேன். முழு நெடுந்தாவல் இல்லாமல் தாண்ட முடியாத முதல் இடம் ஐந்தாம் கட்டத்து ஆறு. கடைசிவரை ஆடாமல் எழுத மாட்டேன் என்ற விதியை நானே அங்கே மீறியிருக்கிறேன். விழுந்தது நான், பிழை மட்டும் செய்தவர்களுடையது என்று எழுதிவிட்டேன். கமலா ரப்பரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"அண்ணே, இத வச்சா ஒரு ஆட்டத்துக்குத் தீர்ப்பு எழுதுனீங்க?"

அடித்த வரி

ஜெயா வர ஒன்பது நாள் இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் கமலாவும் பாயும் மட்டும். வரியை அடித்தால் ஜெயாவுக்குப் பயந்து அடித்தேன் என்றாகும். அடிக்காமல் விட்டால் டப்பாவைப் பார்த்து விற்ற பழைய ஆள்தான் நான். இரண்டு நாள் அட்டையைப் பார்க்காமல் நடமாடினேன். எட்டடிக் கடையில் அது சுலபமில்லை.

மூன்றாம் நாள் அந்த வரியைப் படிக்கத் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, கீழே எழுதினேன்: "இது ஆட்டத்தின் குறையல்ல, என் கடைப் பட்டனின் குறை. தவறு என்னுடையது." புது ரப்பர் போட்ட பெட்டியில் கடைசிவரை ஆடினேன். கடைசிக் கட்டம் முதல் கட்டத்தையே இடம் வலம் மாற்றிப் போட்டது, வெறும் சோம்பேறித்தனம். அதையும் சிவப்பில் எழுதினேன். ஒன்று போய் ஒன்று வந்தது.

மறுநாளே நடராஜா அங்கிள், கட்டுப் பிரித்த காலோடு, நொண்டிக்கொண்டு வந்தார். அடித்த வரியைப் பார்த்தவர் முகம் வாடிவிட்டது. கட்டிலில் கிடந்தபடியே அந்த ஆற்றைத் தாண்டியவராம்.

"அலாமாக்! யாராலும் முடியாததை நான் ஒருவன் செய்துவிட்டேன் என்று கம்பம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேனே!"

வேன் வந்த நாள்

ஜெயா வந்தார். முதலில் அடித்த வரியைத்தான் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன். கழட்டு, சரக்கு இறக்கறேன்." வேனின் பின்கதவு திறந்தே இருந்தது, புதுப் பெட்டிகள் தெரிந்தன.

"உங்க சாமான் ஏழு தரம் விழுந்ததுக்கு நான்தான் காரணம். அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சிரிச்சதுக்கு மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "ஆனா மீதி நாலும் நிஜம். அது தொங்கும்."

"உன் தப்ப ஒத்துக்கிட்டியே, அப்புறம் என்னா வீம்பு?"

"ஒத்துக்கிட்டதாலதான்."

அவர் பாயைப் பார்த்தார். பாய் ஒரு கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சரக்கு இறங்கவில்லை, பிறகும் இறங்கவே இல்லை. ஆடி முடித்த கேசட்டுகளை வாடிக்கையாளர்களிடமே வாங்கி, அட்டையோடு மறுபடி விற்றேன். முதல் கேசட்டைக் கொண்டுவந்தது கமலா. புது ஆட்டம் வேண்டியவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். தள்ளியிருக்கிற செமாபோக் பக்கத்திலிருந்து அட்டை படிக்க மட்டும் வந்தவர்களும் உண்டு, வாங்காமலே போவார்கள். கடை செழித்தது என்று சொல்ல மாட்டேன். ஓடியது. ஜெயா அன்று வண்டியை எடுக்குமுன் கண்ணாடியை இறக்கிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. திட்டா பாராட்டா என்று பாயிடம் கேட்டால் அவரும் தலையைத்தான் சொறிந்தார்:

"உன் குறையையே எழுதி மாட்டி வச்சிருக்கிறவன்கிட்ட, நான் எதச் சொல்லி மிரட்டறது?"

இப்போது என்னைப் பற்றி ஓர் அட்டை எழுதினால் பச்சைக்கு என்ன எழுதுவதென்று ரொம்ப நேரம் யோசிக்க வேண்டும், சிவப்பில் 'விழுந்தால் மறுபடி முதலிலிருந்தே தொடங்குவான்' என்று உடனே எழுதிவிடுவேன், அந்த வரியை மட்டும் யார் வேன் கொண்டுவந்தாலும் அடிக்க மாட்டேன்.